குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

அடுத்த மாதம் நான் பதுளைக்கு மாற்றலாகிப் போகிறேன். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் மருத்துவிச்சிகளான உங்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். பிரசவம் பார்ப்பது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஆனால் தோட்டத்தில் மருத்துவிச்சியைத் தேடிப் பிரசவம் மட்டும் வருவதில்லை. சொறி வரும், மாமியார் மருமகள் சண்டை வரும், பால் குடிக்காத குழந்தை வரும். என்னிடம் ஒரு முறை தூங்கத் தெரியாத ஒரு பெண் வந்தாள். வந்தாள் என்பதும் சரியில்லை. அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அவள் பெயர் தெய்வானை. இருபது வயதைத் தாண்டியிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான மேட்டு லயத்தில் குடியிருந்தாள். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை இழுப்பு நோயால் வேலையை விட்டவர். தங்கை பள்ளிக்கூடம் போகிறவள். அந்த வீட்டில் தோட்டத்துப் பதிவில் பேர் உள்ளவள் தெய்வானை மட்டும்தான். டவுனிலிருந்து வந்த உங்களுக்கு இதன் கனம் உடனே விளங்காது. லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் குடியிருக்க வேண்டுமானால் அங்கிருந்து ஒருவராவது வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும். பேர் போனால் காம்பராவும் போகும்.

தெய்வானையின் பேர் போகிற நிலையில் இருந்தது. காரணம் பெரட்டு. விடியற்காலையில் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வருகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. தெய்வானை வாரத்தில் பாதி நாள் வெறுங்கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். முத்தையா கங்காணி யாரையும் வாயால் சும்மா விடுகிறவர் இல்லை. மூச்சிரைக்க ஓடி வருகிறவளைப் பார்த்து, "மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சிச்சா? போயி இன்னொரு தூக்கம் போட்டுட்டு நாளைக்கு வாங்க" என்பாராம். களமே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாளாம். அந்தச் சிரிப்பைத்தான் தோட்டத்து இளைய அதிகாரியான சின்னத்துரையால் பொறுக்க முடியவில்லை. பேரை வெட்டிவிடப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"மிஸ்ஸி, இவளுக்கு ராத்திரி பகலா இருக்கு, பகல் ராத்திரியா இருக்கு. மந்திரிச்சும் பாத்தாச்சு" என்றார் அஞ்சலை.

அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் எழுந்து போய் என் மருந்து அலுமாரியைத் திறந்தாள். ஒரு போத்தலை எடுத்து மணந்து பார்த்தாள், மூடியைக் கீழே போட்டாள், அதைத் தேடக் குனிந்தவள் ஜன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக் கையசைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோதும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. திமிர் என்று எனக்குத் தோன்றவில்லை. விசாரித்தபோது எல்லாம் ஒரே திசையில் போயின. மலையில் முதல் கொழுந்து நிறுவைக்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை. அதற்குப் பிறகு தன் தேயிலை நிரையைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து நிரைக்குப் போய்விடுவாள். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனால், வழியில் நாலு பேருடைய வேலையைச் செய்து கொடுத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் திரும்புவாள். சிறு வயதில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், எல்லாப் பிள்ளைகளும் மத்தியானம் தூங்க இவள் மட்டும் தூங்கியதில்லை என்று அங்கிருக்கும் ஆயா சொன்னார்.

அந்த வாரம் ஒரு தாயைக் கூட்டிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் இப்போது இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத, உடம்பும் ஓயாத ஒரு குறைபாடாம். இப்படிப்பட்டவர்களுக்குத் தூக்கம் பிந்தி வருவதும், காலையில் எழும்ப முடியாமல் போவதும் அடிக்கடி காணக்கூடியது என்றார். இவள் வளர்ந்த பெண் ஆயிற்றே என்றேன்.

"பிள்ளையளுக்கெண்டுதான் எழுதியிருக்கு. அந்தப் பிள்ளையள் வளர்ந்து எங்க போறதாம்?" என்றார். பிறகு, "சோம்பல் இல்லையெண்டு முதல்ல நீர் நம்பும். மிச்சம் பழக்கந்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மிச்சம் எந்தப் பழக்கம் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே இரண்டு வைத்தியம் நடந்து முடிந்திருந்தது. முதலாவது, பதுளைக் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் வாங்கிய அலாரக் கடிகாரம். லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் ஒரு வீட்டில் அடித்த அலாரம் வரிசை முழுக்கக் கேட்டது. அடுத்த காம்பரா லெட்சுமி அதைப் பற்றி என்னிடம், "லயத்துல எல்லாரும் எந்திரிச்சாச்சு மிஸ்ஸி, வாங்குனவளத் தவிர" என்றாள். இரண்டாவது, எங்கள் மருந்து அறையில் கொடுத்த தூக்க மாத்திரை. அது நன்றாகவே வேலை செய்தது. பெரட்டு முடிந்து, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகும் அவள் எழும்பவில்லை. அடுத்த நாள் அரைத் தூக்கத்தில் மலைக்குப் போய்ச் சரிவில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். சரிவில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும்.

நான் அவளிடம் எத்தனை மணிக்குப் படுக்கிறாய் என்று கேட்கவில்லை. எழும்பியதிலிருந்து ஒரு நாளை முழுதாகச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல மூன்று விஷயங்கள் தெரிந்தன. மலையிலிருந்து திரும்பியதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, நனைந்த துணியோடு அப்படியே சாய்ந்து, விளக்கு வைக்கும் வரை தூங்குகிறாள். எழும்பியதும் சாயத் தேத்தண்ணி. அது ஒரு கோப்பையோடு நிற்பதில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, படுக்கப் போகும்வரை குடிக்கிறாள். தோட்டம் கொடுக்கிற தூளுக்குச் சாயம் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க விட்ட தூக்கத்தை அன்றைக்கு மத்தியானம் வரை பிடிக்கிறாள். ஆறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகி வருகிற உடம்பு ஒரே நாளில் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் மனம் அமரும். அவளுக்கும் அப்படி ஒரு வரிசை போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் மூன்றாவது வரியைச் சொல்லும்போது முதல் வரி அவளிடம் இருக்காது என்பதை அந்தப் போத்தல் மூடியே காட்டிவிட்டது. ஒரே ஒரு பழக்கத்தில் தொடங்க வேண்டும். எதில் தொடங்குவது? தூங்கு என்று உடம்புக்கு யாரும் உத்தரவு போட முடியாது. எழும்பு என்று போடலாம். தினமும் ஒரே நேரத்தில் எழும்பினால் தூக்கம் மெல்ல மெல்லத் தானாக முன்னால் வரும். ஆகவே காலையில்தான் தொடங்க வேண்டும். கடிகாரத்துக்கே எழும்பாதவளை எப்படி எழுப்புவது என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் சின்னத்துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு வரி தேவைப்பட்டது. சுகமில்லாதவளா, சோம்பேறியா, இரண்டில் ஒன்றை எழுதித் தாருங்கள் என்றார். சோம்பேறி என்று நான் எழுத மாட்டேன். சுகமில்லாதவள் என்று எழுதுவது இரக்கமாகத் தோன்றும். ஆனால் வேலைக்குத் தகுதி இல்லாதவள் என்றுதான் அது பிறகு வாசிக்கப்படும். அப்படியும் பேர் போகும். நீங்கள் நல்ல மனதோடு எழுதுகிற காகிதம் ஆபீசுக்குள் போன பிறகு உங்களுடையது இல்லை. இரண்டையும் எழுத முடியாது என்றேன். பழக்கத்தால் வந்தது, பழக்கத்தால் மாற்றலாம், ஒரு மாதம் தாருங்கள் என்றேன். அவர் மேசையில் பென்சிலைத் தட்டினார். முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டேன், அதற்குப் பிறகு ஒரு நாள் பிந்தினாலும் பேரை வெட்டிவிடுவேன் என்றார்.

ஆபீசிலிருந்து நேரே மேட்டு லயத்துக்குப் போனேன். மலைக்குப் போனவர்கள் திரும்பியிருந்த நேரம். அன்றும் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சலை கூப்பிட்டார், உலுக்கினார், அசையவில்லை. அந்த நேரத்தில் லெட்சுமியின் கைக்குழந்தை தவழ்ந்து வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். எட்டு மாதப் பையன், நான் பிரசவம் பார்த்தவன். நேராகப் போய் அவள் மயிரைப் பிடித்து இழுத்தான். கண் திறப்பதற்கு முன்பே அவள் கை நீண்டு அவனைத் தூக்கி மடியில் வைத்தது. பிறகுதான் கண் திறந்தாள். "அடேய் ரவுடி" என்று கொஞ்சினாள். முழு விழிப்பு.

அவன் பின்னாலேயே வந்த லெட்சுமியைப் பார்த்தேன். அவள் பெரட்டுக்கு முன்னால் மூத்தவனைக் குளிப்பாட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, சின்னவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓட வேண்டியவள். அவளுக்குக் கை போதவில்லை. இவளை எழுப்ப ஒரு கை வேண்டும்.

காலையில் சின்னவனைத் தெய்வானை தூக்கிப் போய்ப் பிள்ளைக் காம்பராவில் விடட்டும் என்று நான் சொன்னதும் லெட்சுமியின் புருஷன் பெருமாள் முகத்தைச் சுளித்தார். "அடுப்புல சோத்த வச்சிட்டு ஊர் சுத்துறவகிட்ட எம் புள்ளையா? நல்ல கதையா இருக்கு மிஸ்ஸி."

நியாயமான கேள்வி. இப்படியான இடத்தில் அவசரப்படாதீர்கள். மறதிக்காரியிடம் ஒரு குழந்தையைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். தவறினால் அது பெரட்டு தவறுவது போல இல்லை. லயத்திலிருந்து பிள்ளைக் காம்பரா வரை நான் நடந்து பார்த்தேன். வழியில் தண்ணீர் ஓடும் ஒரு காண், அதன் மேல் பலகை. மழை நாளில் வழுக்கும் படிக்கட்டு. அவள் என்னென்ன மறந்திருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். சோறு, கூடை, குடை, தண்ணீர்க்குடம். எல்லாமே கீழே வைத்துவிட்டு மறந்தவை. கையில் இருந்ததை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

திரும்பி வந்து அவளுக்கு ஒரே ஒரு விதி சொன்னேன். பிள்ளையை ஆயாவின் கையில் கொடுக்கும்வரை எங்கேயும், யாருக்காகவும் கீழே இறக்கக் கூடாது. லெட்சுமி புருஷனைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு கைதான இருக்கு. நாளைக்கே தூக்கிட்டுப் போகட்டும். ஒங்களுக்குச் சந்தேகம்னா பின்னாலயே போங்க" என்றாள். பெருமாள் அப்படியே செய்தார். பெக்டரிக்குப் போகிற வழிதானே என்று முதல் வாரம் முழுக்கப் பின்னால் போனார். அதற்குப் பிறகு போகவில்லை.

முதல் வாரம் மாற்றியது விழிப்பை மட்டும். லெட்சுமி எழும்பியதும் குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார வைப்பாள், அஞ்சலை பார்த்துக்கொண்டிருப்பார். எழும்பியதும் பிள்ளையோடு வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்க வேண்டும். தெய்வானைக்கு முதல் நாளே எல்லாவற்றையும் மாற்றிவிடும் வேகம் வந்துவிட்டது. தேத்தண்ணியையும் விடுகிறேன், மாலைத் தூக்கத்தையும் விடுகிறேன் என்றாள். நான் தடுத்தேன். இப்படிப்பட்டவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிப்பார்கள், ஒரே நாளில் விடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழாத குறையாகக் கெஞ்சினாளாம். இன்றைக்குப் பெரட்டு இல்லையே, பிள்ளைக் காம்பராவும் பூட்டுத்தானே என்று. ஆனால் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. வழக்கமான நேரத்துக்கு எழும்பிச் சிணுங்கினான். லெட்சுமி வழக்கம்போலக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மாலைத் தூக்கத்தை எடுத்தோம். மலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பீலிக்குப் போய்க் குளித்துவிட வேண்டும். குளித்துத் துணி மாற்றிய உடம்பு சாயவில்லை. அதற்குப் பிறகு தேத்தண்ணி. விளக்கு வைத்த பிறகு கொத்தமல்லித் தண்ணீர் மட்டும். இதில்தான் சண்டை வந்தது. "தேயிலத் தோட்டத்துல பொறந்துட்டு மல்லித் தண்ணி குடிக்கிறவ நான் ஒருத்திதான் மிஸ்ஸி" என்றாள். ஆனாலும் குடித்தாள்.

படுத்தும் தூக்கம் வராத நேரத்துக்கும் ஒரு வழி தேவைப்பட்டது. அவள் தலைக்குள் அந்த நேரத்தில்தான் நாளைய வேலை, போன வருடத்துச் சண்டை, கேட்ட பாட்டு எல்லாம் ஒன்றாக ஓடுமாம். உருண்டுகொண்டு கிடக்காதே, எழுந்து உட்கார்ந்து நாளைக்கு உலை வைக்கிற அரிசியில் கல் பொறுக்கு என்றேன். கைக்கு வேலை இருக்க வேண்டும், மனதுக்கு ருசி இருக்கக் கூடாது. அலுப்பு வந்ததும் போய்ப் படுத்துக்கொள்ளலாம். மறுநாளைக்கு வேண்டிய, இடுப்பில் கட்டும் படங்கும் துண்டும் கூடைக்குள், கூடை கதவடியில். அதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. அஞ்சலை ஒருநாள் என்னிடம், இப்போதெல்லாம் சோற்றில் கல்லே கடிபடுவதில்லை என்றார். கொஞ்ச நாளில், அரிசி அப்படியே கிடக்கிறது, இவள் முன்னமே தூங்கிவிடுகிறாள் என்றார்.

நடுவில் கோயில் திருவிழா வந்து எல்லாம் ஒரு தடவை குலைந்தது. விடிய விடிய முழித்திருந்தாள். மறுநாள் லீவு நாள். தூங்கவிட்டால் என்ன என்று லெட்சுமிக்கே இரக்கம். நான் வேண்டாம் என்றேன். விட்ட தூக்கத்தைப் பகலில் பிடிக்கப் போனால் ஒரு வாரம் போய்விடும். வழக்கமான நேரத்தில் எழும்பி, அன்று முழுதும் தூங்கி வழிந்துகொண்டு திரிந்தாள். மறுநாள் சரியாகிவிட்டது. குலைந்ததற்காக நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளையும் சொல்ல விடவில்லை.

மாதம் முடியப் போகும் வாரத்தில் ஒரு காலை, நான் மருந்து அறையில் இருந்தபோது முத்தையா கங்காணி வந்து வாசலில் நின்றார். வேட்டிக்கு மேல் போடும் கறுப்புக் கோட்டை அவர் கழற்றி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, ஒங்க மருந்து எங் கோட்ட நனைச்சிருச்சு" என்றார்.

நடந்தது இதுதான். அன்று மழை. பிள்ளைக் காம்பரா ஆயா வர நேரமாகிவிட்டது, கதவு பூட்டிக் கிடந்தது. தெய்வானை குழந்தையோடு வாசலில் நின்றிருக்கிறாள். அங்கே வேறு தாய்மாரும் நின்றிருந்தார்கள். யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் ஆயாவின் கையில் கொடுக்கும்வரை இறக்கக் கூடாது என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட விதி. லெட்சுமி அதற்கு முன்பே பெரட்டுக்குப் போயிருந்தாள். கீழே பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் பிந்தினாலும் பேர் போகும். பெரட்டுக் களத்துக்குக் கைக்குழந்தையோடு வருவதும் கூடாது. முன்பிருந்த தெய்வானை என்றால் அங்கேயே நின்று யாரோடாவது பேசத் தொடங்கி, பெரட்டையே மறந்திருப்பாள். அன்று குழந்தையைப் படங்குக்குள் சுற்றிக்கொண்டு நேரே களத்துக்கு வந்து, தன் இடத்தில் நின்றுவிட்டாள்.

களம் முழுக்கச் சிரிப்பு. சின்னத்துரையும் அன்றைக்கு அங்கே இருந்தார். இது என்ன என்று கேட்டார்.

"ஆயா இன்னும் வரலைங்க தொர. எறக்கக் கூடாதுனு மிஸ்ஸி சொல்லியிருக்காங்க. நான் நேரத்துக்கு வந்துட்டேன். பேரப் போடுங்க, குடுத்துட்டு ஓடி வாறேன்" என்றாளாம். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

லெட்சுமி வரிசையிலிருந்து முன்னால் வரப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் அன்றைய பேர் போய்விடும் என்று கங்காணி கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் சின்னத்துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணிதான், "கைப்புள்ளைக்கும் சேத்து அரைப் பேர் போடவா தொர?" என்று கேட்டிருக்கிறார். சின்னத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரைப் போடு என்றார். அரை நாள் கூலிக்கான அரைப் பேரை அல்ல, அவளுடைய முழுப் பேரை. ஆயா வரும்வரை பிள்ளையை யார் வைத்திருப்பது என்ற கேள்வி வந்தபோது, கங்காணியே கையை நீட்டியிருக்கிறார். ஆயா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவள் கொடுத்தாளாம். ஒரு கையில் குழந்தை, வாயில் மிச்சப் பேர்கள். கோட்டு அப்போதுதான் நனைந்தது, மழையில் அல்ல.

"கங்காணியார் ஆயா கையில குடுத்தீங்களா, யாருக்கிட்டயாவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஆயா கைலதான். மலைக்குப் போற வரைக்கும் தெய்வானப் புள்ள என்னையே மொறச்சிப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. எறக்க முடியுமா?" என்றார்.

தெய்வானையின் பேர் வெட்டப்படவில்லை. மேட்டு லயத்துக் காம்பராவில் இன்றைக்கும் அவர்கள்தான் இருக்கிறார்கள். அவளைக் குணமாக்கிவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் சோறு தீய்கிறது, குடை தொலைகிறது, கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கம் மட்டும் ஓர் ஒழுங்குக்கு வந்தது. அது வந்த பிறகு தீய்கிற சோறும் கொஞ்சம் குறைந்தது.

ஒரு வருடத்துக்குப் பிறகு, நான் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், தெய்வானை தனியாக வந்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருந்தாள். அவள் காத்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லெட்சுமியின் மகன் இப்போது நன்றாக நடக்கிறான், தூக்க விடமாட்டேன் என்கிறான், இன்னும் கொஞ்ச நாளில் அண்ணனோடு தானே ஓடிவிடுவான் என்றாள். நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான் மிஸ்ஸி. அதுக்கப்புறம் என்னைய யாரு எழுப்புறது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்க லயத்துல அடுத்து யாரு மாசமா இருக்கா?"

அதையெல்லாம் சொல்லக் கூடாது, இன்னும் வீட்டிலேயே சொல்லாதவர்கள் இருப்பார்கள் என்றேன். உங்களுக்கும் அதுதான் சட்டம்.

"சும்மா சொல்லுங்க மிஸ்ஸி. வாசலத் தாண்டுறதுக்குள்ள நான்தான் மறந்துருவேனே" என்றாள் தெய்வானை.